றோயின் சுட்டுவிரலும் முதல் இசைத்தட்டும்

கையில் காயத்தோடு யார் வந்தாலும், மருந்துத் தட்டை எடுக்க முதல் "இந்தக் கையால என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்று நான் கேட்பேன். புதிதாக வந்த தாதிமாருக்கு அது வேடிக்கையாக இருக்கும். இரத்தம் ஒழுக நிற்கிற மனிசரிடம் நர்ஸ் மிஸ்ஸி சம்பந்தம் பேசுகிற மாதிரிக் கதைக்கிறா என்று தங்களுக்குள் சிரிப்பார்கள். இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் கைகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே ஓர் அறை திறந்திருக்கிறார்கள். அங்கே நோயாளியிடம் முதலாவதாகக் கேட்கப்படுவதும் அந்தக் கேள்விதான். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிற என்னைத் திறப்புவிழாவுக்குக் கூப்பிட்டுத் தேநீரும் தந்து, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எழுதித் தரச் சொன்னார்கள்.

அது என்னுடைய பழக்கமல்ல. டொக்டர் குலசிங்கத்தின் பழக்கம். அவருக்கும் அது கூடவே பிறந்ததல்ல. இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இசைத்தட்டால் வந்தது.

நான் தம்பலகாமத்தில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவள். கொழும்பில் தாதிப் படிப்பு. அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுருக்கமில்லாமல் படுக்கை விரிக்கவும், ஊசி அவிக்கவும், பசியோடு நிமிர்ந்து நிற்கவும் பழகினேன். எங்களை மேய்த்துப் பழக்கிய மேற்றன் ஒரு பறங்கிப் பெண்மணி. அவ எங்களுக்குத் தந்த பெரிய சொத்து இங்கிலீசு. பிழையாகக் கதைத்தாலும் கதை, வாயை மூடிக்கொண்டு மட்டும் நில்லாதே என்பா. படிப்பு முடிந்து திருகோணமலைக்கு மாற்றலாகி வந்தபோது ஊருக்குக் கிட்ட வந்துவிட்டேன் என்ற சந்தோசம் ஒன்றுதான் மனதில் இருந்தது.

வெள்ளைக்காரக் கடற்படை அப்போது துறைமுகத்தை விட்டுப் போய்விட்டது. தேயிலை ஏற்ற வருகிற வியாபாரக் கப்பல்கள்தான். கப்பல் என்றால் இரும்பும் கயிறும் பாரமும். அவை மூன்றுக்கும் நடுவில் கைகள். எங்கள் சத்திரசிகிச்சை வார்டில் கட்டுப்போட்ட கை இல்லாத நாள் இல்லை.

டொக்டர் குலசிங்கம் அந்த வார்டின் சத்திரசிகிச்சை நிபுணர். உயரமானவர், மெலிந்தவர். சப்பாத்துச் சத்தம் கேட்காமல் நடப்பார். நோயாளியின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை. காயத்தைப் பார்ப்பார், திரும்பி எங்களிடம் சொல்லுவார், போய்விடுவார். "நாலாம் கட்டில் கால்", "வாசல் பக்கத்து வயிறு" என்றுதான் அவருக்கு மனிசரைத் தெரியும். கல்நெஞ்சு என்று சனம் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் அவர் கை கழுவுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நகத்தில் தொடங்கி முழங்கை வரைக்கும், பிறகு மற்றக் கை, பிறகு திரும்பவும் முதல் கை. அவ்வளவு நேரமும் நாகஸ்வரக் கீர்த்தனை ஒன்றை மூக்குக்குள் முணுமுணுப்பார். கத்தியை எடுத்த பிறகும் அது நிற்காது. முணுமுணுப்பு நின்றால் ஏதோ சரியில்லை என்று எங்களுக்கு விளங்கும்.

றோய் வந்தது அறுபதுகளின் நடுப்பகுதியில். சரக்கு அறையை மூடுகிற பாரமான பலகைக்கும் இரும்பு விளிம்புக்கும் இடையில் அவனுடைய இடது கை அகப்பட்டிருந்தது. இருபத்துச் சொச்ச வயது, செம்பட்டைத் தலைமயிர், கண்ணிமைகூடச் செம்பட்டை. கப்பல்காரர் ஒரு லொறியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். கப்பல் அவனை விட்டுவிட்டு மறுநாளே போய்விட்டது.

மற்ற விரல்களில் தோல்தான் கிழிந்திருந்தது. சுட்டுவிரலின் நடுமூட்டு நொறுங்கிப் போயிருந்தது. டொக்டர் அன்றைக்கே காயத்தைத் துப்புரவாக்கி, உடைந்த எலும்புத் துணுக்குகளை எடுத்துக் கட்டி விட்டார். வீக்கம் வற்றியதும் விரலை அடியோடு எடுத்துவிடுவது என்று முடிவு. அதற்கு அவர் சொன்ன நியாயம் அந்தக் காலத்தில் எல்லாரும் சொன்னதுதான். வளையாத விரல் கையில் நீட்டிக்கொண்டு நின்றால் கயிறு பிடிக்கும்போதும் சட்டைப் பையில் கைவிடும்போதும் குறுக்கே வரும். அப்படி ஒரு விரல் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது.

நான் அதை றோயிடம் இங்கிலீசில் எடுத்துச் சொன்னேன். விரலை இழக்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். சிலர் அழுவார்கள், சிலர் சண்டை பிடிப்பார்கள். இவன் "எடுங்கள்" என்றான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. இளம் பெடியன், தன்னுடைய விரலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த கட்டிலில் கிண்ணியா அசனார் நானா. திருக்கை முள் குத்திக் கால் வீங்கி வந்தவர். பாசை தெரியாவிட்டாலும் றோயோடு நாள் முழுக்கக் கதைப்பார். அவனுக்கு "ராஜா" என்று பேரும் வைத்திருந்தார். தன் மகள் கொண்டுவருகிற மீன்குழம்பில் ஒரு பங்கை அவனுக்கு வைப்பார். அவன் கண்ணீர் வழிய வழியச் சாப்பிடுவான்.

சில நாளில் கப்பல் ஏஜென்டின் கந்தோரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. துறைமுகம் துறைமுகமாக அவனைத் தேடித் திரிந்து கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. தட்டையான சதுரப் பார்சல். றோய் ஒற்றைக் கையால் கடுதாசியைக் கிழித்தான், உள்ளே இருந்ததை ஒருதரம் பார்த்தான், கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டான். நானாவுக்குப் பொறுக்கவில்லை. அவன் மருந்து கட்டப் போன நேரம் பார்த்து, ஊன்றுகோலால் அதை இழுத்தெடுத்து மடியில் வைத்திருக்கிறார். நான் போனதும் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, இஞ்ச ஒருக்காப் பாருங்க. இந்தப் படத்துல நிக்கிறது நம்மட ராஜாதானே?"

பெரிய இசைத்தட்டு ஒன்று. உறையில் நான்கு பெடியன்கள், ஆற்றங்கரையில் ஒரு பாரந்தூக்கிக்குக் கீழே நின்றார்கள். இரண்டாவதாக நின்றது றோய். தோளில் கிற்றார். தலைமயிர் கொஞ்சம் நீளம். ஆனால் அந்தக் கண்ணிமையை யாருக்கும் தெரியும்.

அன்றைக்கும் மறுநாளும் மருந்து கட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். மருந்து கட்டுகிற நேரம் மனிசருக்குக் கதை வேண்டியிருக்கும். நோவை மறக்க என்னவாவது சொல்லுவார்கள். அவனும் சொன்னான்.

கப்பல் கட்டுகிற ஊர் ஒன்றில் பிறந்தவன். ஒரே தெருவில் வளர்ந்த அலன் என்ற நண்பனோடு சேர்ந்து கிற்றார் பழகினான். அலன் பாடுவான், இவன் வாசிப்பான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஊரில் ஓடுகிற ஆற்றின் பெயரைக் குழுவுக்கு வைத்தார்கள். நடன மண்டபங்களில் வாசித்துக் கொஞ்சம் பெயர் எடுத்த பிறகு லண்டனில் ஒரு கொம்பனி அவர்களைக் கூப்பிட்டு முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தது. நான்கு பேரும் ஒரே அறையில் நின்று வாசிக்க வேண்டும். ஒருவர் பிழை விட்டாலும் எல்லாரும் திரும்ப முதலிலிருந்து. அப்படி எல்லாப் பாட்டும் முடிந்தது. கடைசியாக றோய் தானே கட்டிய ஒரு மெட்டு. சொல் இல்லை, மேளம் இல்லை, தனிக் கிற்றார். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. பதிவும் செய்தாயிற்று. பிறகு அலன் அது வேண்டாம் என்றான். பாட்டில்லாத மெட்டை யார் காசு கொடுத்துக் கேட்பான் என்றான். கொம்பனிக்காரரும் அவன் பக்கம் நின்றார்கள். வார்த்தை வளர்ந்தது. "நீ இல்லாமலும் இந்தக் குழு நடக்கும்" என்று அலன் சொல்லியிருக்கிறான். றோய் கிற்றாரை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தவன், நேரே போய்க் கப்பலில் சேர்ந்துவிட்டான். இனி அதைத் தொடுவதில்லை என்று தனக்குள் முடிவு. அதற்குப் பிறகு வெளியான இந்தத் தட்டை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"விரல் போனால் எல்லாம் ஒரேயடியாக முடிந்துவிடும்" என்றான். ஏதோ நிம்மதி கிடைத்தவன் மாதிரிச் சொன்னான்.

நான் டொக்டரிடம் போனேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கதவடியில் நின்று, அந்த இடது கை ஒரு கிற்றார்க்காரனின் கை, இசைத்தட்டுக்கூட வந்திருக்கிறது என்று சொன்னேன். அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. முணுமுணுப்பு மட்டும் நின்றது. அன்றைய வேலை முடிந்ததும் நேரே வார்டுக்கு வந்தார். றோயின் கட்டிலடியில் நின்று முதல் தடவையாக அவனுடைய முகத்தைப் பார்த்தார்.

"நீர் கிற்றார் வாசிக்கிறனீரோ?"

"முன்பு வாசித்தேன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் கேட்கவில்லை."

இங்கிலீசு விளங்காதவர்களுக்கும் அந்தக் குரல் விளங்கியிருக்கும். டொக்டரிடம் அப்படி யாரும் கதைத்ததில்லை. அவர் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வார்டுக்குள் அவர் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"சரி," என்றார். "இப்ப கேக்கிறன். இந்த விரல் என்ன செய்யிறது?"

றோய் விரல் வேண்டாம் என்று தொடங்கினான். வேணுமோ வேண்டாமோ என்று தான் கேட்கவில்லை, அது செய்கிற வேலையைத்தான் கேட்டது என்றார் டொக்டர். அவன் வேண்டாவெறுப்பாகச் சொன்னான். சில நேரம் அது நேராகப் படுத்து எல்லாத் தந்தியையும் ஒன்றாக அமர்த்தும். பாட்டுக்குப் பின்னால் வாசிப்பதற்கு அது வேண்டும். சில நேரம் வளைந்து நின்று நுனியால் ஒரு தந்தியை மட்டும் தொடும். மெட்டுத் தனியாக வாசிப்பதற்கு அது வேண்டும். டொக்டர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். பிறகு, சொன்னால் போதாது, கேட்க வேண்டும் என்றார்.

அவருடைய குவாட்டர்சில் நாகஸ்வரத் தட்டுகள் போடுகிற பிளேயர் ஒன்று இருந்தது. மறுநாள் பின்னேரம், பார்க்க வந்த சனம் போன பிறகு, டிரைவர் அதை வார்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். டொக்டரே தட்டை எடுத்துத் துடைத்துப் போட்டார். றோய் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

எங்களுக்கு அந்தப் பாட்டுகள் புதிது. மேளம் ஓங்கி விழ விழ, கிற்றார் நறுக்கென்று வெட்டி வெட்டி ஓடியது. மூலையில் கிடந்த ஈச்சிலம்பற்றுப் பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். நானா ஊன்றுகோலால் தரையில் தட்டத் தொடங்கிவிட்டார். டொக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சுச் சத்தம் கேட்கிற மாதிரித் தலையைச் சரித்துக்கொண்டு நின்றார். ஒரு பாட்டு, அடுத்த பாட்டு என்று அந்தப் பக்கம் முடியப் போகிறது. அப்போது மேளம் இல்லை, குரல் இல்லை. ஒரேயொரு கிற்றார் மெதுவாகத் தொடங்கியது.

றோய் எழும்பி உட்கார்ந்துவிட்டான்.

"இது இதில் இருக்கக்கூடாது," என்றான். "இதை எடுத்துவிட்டார்கள்."

மெட்டு முடியும்வரை அவன் மூச்சு விட்டானோ தெரியாது. பிறகு என்னைப் பார்த்து, அதற்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று கேட்டான். நான் உறையின் பின்பக்கத்தை வாசித்தேன். ஏதோ ஒரு தெருவின் பெயர். திரும்ப வாசிக்கச் சொன்னான். வாசித்தேன்.

"எங்கள் தெரு," என்றான். "அலன்தான் பெயர் வைத்திருப்பான்." நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

டொக்டர் பிளேயரின் ஊசியைத் தூக்கித் திரும்பவும் அந்த இடத்தில் வைத்தார். இரண்டாந்தரம் முடிந்ததும் றோய் கேட்டது ஒன்றுதான்.

"டொக்டர், இந்த விரலை எனக்கு வைத்திருக்க ஏலுமா?"

டொக்டர் பொய் சொல்லுகிறவரல்ல. மூட்டு போய்விட்டது, அதைத் திருப்பித் தர யாராலும் ஏலாது என்றார். எலும்பை எலும்போடு ஒட்ட வைக்கலாம். விரல் இருக்கும், உறுதியாக இருக்கும், ஆனால் அந்த இடத்தில் அசையாது. "எந்த வளைவில நிக்க வேணும் எண்டதை நீர்தான் சொல்ல வேணும். நேரா வைக்கலாம், வளைச்சும் வைக்கலாம். ஒருக்காத்தான். வைச்சா வைச்சதுதான்."

நேராக வைத்தால் பாட்டுக்குப் பின்னால் வாசிக்கலாம், குழுவோடு நிற்கலாம். வளைத்து வைத்தால் மெட்டு வாசிக்கலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. யோசிக்க டொக்டர் அவனுக்கு ஒரு நாள் கொடுத்தார். அந்த நாள் முழுக்க அவன் நானாவின் மீன்குழம்பைக்கூடத் தொடவில்லை. நேராக வைத்தால் பிழைப்புக்கு உதவும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டான். அடுத்த காலை டொக்டர் வந்ததும், "வளைத்து" என்றான்.

அதற்குப் பிறகு டொக்டர் செய்ததை நான் வேறு எங்கும் கண்டதில்லை. கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு பறங்கிக் குடும்பத்திடமிருந்து கிற்றார் ஒன்று இரவல் வாங்கிவரச் செய்தார். அதை றோயிடம் மறுவளமாகக் கொடுத்தார். அதாவது நல்ல வலது கை தந்திமேல் வருகிற மாதிரி. கண்ணாடியில் தெரிகிற இடது கை போல அந்தக் கை நின்றது. மெட்டில் அந்த விரல் எங்கெங்கே போகிறதோ அங்கெல்லாம் வைத்துக் காட்டச் சொன்னார். ஒவ்வொன்றையும் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக வருகிற வளைவு எது என்று இருவரும் பேசிப் பேசி முடிவுக்கு வந்தார்கள். அந்த வளைவில் விரலை அசையாமல் பிடிக்கச் சொல்லி, மெல்லிய கம்பி ஒன்றை அதன் பக்கத்தோடு ஒட்டி வளைத்து எடுத்தார். என்னிடம் தந்தார்.

"சிஸ்டர், இதை அவிச்சு எடுங்கோ. இந்த வளைவு மாறக்கூடாது."

சத்திரசிகிச்சை அன்று என்னுடைய வேலை அந்தக் கம்பியை விரலோடு பிடித்துக்கொண்டு, விரலை அதன்படி நிறுத்தி வைத்திருப்பது. டொக்டர் எலும்பு முனைகளைச் சீவிப் பொருத்தினார். கொஞ்சம் கூடச் சீவிவிட்டால் வளைவு மாறிவிடும். சீவுவார், பொருத்துவார், கம்பியோடு ஒப்பிடுவார், திரும்ப எடுத்துச் சீவுவார். மயக்க மருந்து கொடுத்தவர் இரண்டுதரம் நேரத்தைச் சொன்னார். டொக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் முணுமுணுக்கவும் இல்லை. கடைசியில் எஃகு ஊசி இரண்டைக் குறுக்கே ஏற்றி எலும்பைப் பூட்டினார். என்னுடைய கை மரத்துப் போயிருந்தது. விடச் சொன்ன பிறகும் விரல்கள் விரியவில்லை. அவரே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

சில நாளில் காய்ச்சல் வந்தது. ஊசி ஏறிய இடம் சிவந்தது. சீழ் பிடித்தால் எல்லாம் வீண். விரலோடு சிலவேளை கையும் போகும். டொக்டர் ஒவ்வொரு காலையும் மற்ற நோயாளிகளைப் பார்க்க முதல் இவனிடம் வந்தார். கட்டை அவிழ்த்துப் பஞ்சை மூக்கடியில் பிடித்து மணந்து பார்ப்பார். பிறகுதான் அடுத்த கட்டிலுக்குப் போவார். நானா தன்பாட்டில் ஓதிக்கொண்டிருப்பார். நான் கோணேசருக்கு நேர்ந்து வைத்தேன். ஒரு காலை டொக்டர் பஞ்சை மணந்தார், என்னிடம் நீட்டினார். மருந்து மணம் தவிர வேறு இல்லை.

காய்ச்சல் விட்ட பிறகு எலும்பு ஒட்டுவதற்குப் போட்ட மாக்கட்டை வெட்டிய அன்று விரல் மெலிந்து, தோல் உரிந்து, கொக்கி மாதிரி நின்றது. றோய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நானா அப்போது கால் சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டார். ஆனாலும் இவனைப் பார்க்கவென்று அன்றைக்கு வந்திருந்தார்.

"அல்லா காத்தான். இதுல மீனும் கொழுவலாம் ராஜா," என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் முழுதாகக் கண்டேன்.

வாசித்துப் பார்க்க விரலுக்கு இன்னும் பலம் வரவில்லை. இசைத்தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏஜென்டின் காரில் ஏறிக் கொழும்புக்குப் போனான். டொக்டர் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் இருந்தபடியால் வழியனுப்ப வரவில்லை.

அவன் போன பிறகுதான் டொக்டர் கேட்கத் தொடங்கினார். கட்டிலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, இந்தக் கையால் என்ன வேலை என்று. மூதூர்த் தையல்காரர் ஒருவரின் பெருவிரலை அவருடைய கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிடிக்கிற மாதிரி வைத்தார். கட்டைபறிச்சானிலிருந்து வந்த பாய் இழைக்கிற அம்மாவுக்கு இரண்டு விரல் வளையாமல் நேராக வேண்டும் என்று அவவே சொன்னா. அப்படியே செய்தார். கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, இந்தக் கையால் தான் ஒரு வேலையும் செய்வதில்லை என்றார். டொக்டர் வாய்விட்டுச் சிரித்ததை அன்று வார்டே பார்த்தது. கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிவிட்டது. பிறகு நான் எந்த வார்டுக்கு மாறினாலும் கூடவே வந்தது. வேலைக்குப் போன எந்தக் காலையும் எனக்குச் சலித்ததில்லை என்றால், நாலு மனிசரின் நாலு வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அதற்கு ஒரு காரணம்.

றோயை மறந்தே போனோம். இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும். ஒரு காலை வெளிநோயாளர் பிரிவில் கைக்காரர், கால்காரர் எல்லாரும் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் ஒரு செம்பட்டைத் தலை. முதுகில் கிற்றார்ப் பெட்டி. என்னைக் கண்டதும் கையைத் தூக்கினான். முன்னுக்கு வரச் சொன்னேன், வரவில்லை. கிழவிமாரோடு சேர்ந்து ஒவ்வொரு அடியாக நகர்ந்து வந்தான்.

நிற்கிற நேரத்தில் நடந்ததைச் சொன்னான். அவன் ஊருக்குப் போனபோது குழு கலைந்துவிட்டதாம். அந்த முதல் இசைத்தட்டோடு சரி, இரண்டாவது வரவில்லை. அலன் ரயில் நிலையத்துக்கே வந்து, இவன் லண்டனில் விட்டுவிட்டு வந்த கிற்றாரைக் கையில் தந்திருக்கிறான். இப்போது றோய் திரும்பவும் கப்பலில். கரைக்குப் போகிற நேரங்களில் அலனின் வீட்டில் இருவரும் சேர்ந்து வாசிப்பார்களாம்.

அவனுடைய முறை வந்தது. டொக்டர் விரலைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டார். மூட்டை இரண்டு பக்கமும் அமத்திப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார்.

"நோ இருக்கோ?"

"இல்லை."

"வேலை செய்யுதோ?"

றோய் பெட்டியைத் திறந்து கிற்றாரை எடுத்து, நோயாளி இருக்கிற வாங்கில் இருந்தபடியே அந்த மெட்டைத் தொடங்கினான். இசைத்தட்டில் கேட்டதைவிட மெதுவாக, ஆறுதலாக வாசித்தான். அந்தக் கொக்கி விரல் தந்தியில் இறங்கி, நின்று, அடுத்த இடத்துக்குப் போய் நின்றது. டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

முடிந்ததும் பேனையைத் திரும்ப எடுத்தார். அடுத்த ஆள் வரலாம் என்றார்.

வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் அசையவில்லை. டொக்டரும் இரண்டாந்தரம் கூப்பிடவில்லை. கிற்றாரைப் பெட்டிக்குள் வைக்கப் போன றோய், அதைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டான்.